ஆபீஸ் ஊருக்கு வெளியே... வீடு எங்கே பார்க்கலாம்? சென்னையில் ‘ரிவர்ஸ் கம்யூட்’ கைகொடுக்குமா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர், மஹிந்திரா சிட்டி என சென்னைக்கு வெளியே வேலை கிடைத்தவர்கள் பலருக்கும் முதலில் வரும் குழப்பம் இதுதான். “ஆபீஸ் பக்கத்துலயே வீடு எடுத்துட வேண்டியதுதானே?” என்று சொல்வது ஈஸி. ஆனால் பிள்ளைகளின் பள்ளி, கணவன் அல்லது மனைவியின் வேலை, வயதான பெற்றோருக்கான மருத்துவமனை எல்லாம் சென்னையில் இருந்தால்?

அப்போது கைகொடுப்பதுதான் ‘ரிவர்ஸ் கம்யூட்’. எல்லோரும் காலையில் நகரத்துக்குள் வரும்போது, நீங்கள் நகரத்திலிருந்து வெளியே போவது. மாலையில் எல்லோரும் வெளியே போகும்போது, நீங்கள் உள்ளே வருவது. இதற்கு வீட்டை எப்படித் தேர்வு செய்வது? பார்க்கலாம்.

வெளியே போனாலே கூட்டம் இருக்காதா?

அப்படி இல்லை. பலரும் ஏமாறும் இடம் இது. ஓஎம்ஆர் எனப்படும் ராஜீவ் காந்தி சாலையை எடுத்துக்கொள்வோம். ஐடி நிறுவனங்கள் வரிசையாக இருப்பதால், மத்திய கைலாஷிலிருந்து சோழிங்கநல்லூர், சிறுசேரி நோக்கி ‘வெளியே’ போகும் திசையில்தான் காலையில் நெரிசல். அங்கே அடையாறிலிருந்து கிளம்புபவர் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் போக வேண்டும்.

எனவே மேப்பில் எது ஊருக்கு வெளியே என்று பார்க்காமல், காலை 8 மணிக்கு அந்த சாலையில் எந்தப் பக்கம் வண்டிகள் ஊர்ந்து செல்கின்றன என்று பாருங்கள்.

எந்த ரூட் யாருக்கு?

மறைமலைநகர், மஹிந்திரா சிட்டி: கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு மின்சார ரயில்தான் இங்கு பெரிய பலம். மஹிந்திரா சிட்டிக்கு பரனூர் ரயில் நிலையம் பக்கம். காலையில் கடற்கரை நோக்கி வரும் ரயில்கள் நிரம்பி வழியும். எதிர்த்திசையில் அந்த அளவுக்கு இருக்காது. ஆனால் பொத்தேரி வரை கல்லூரி மாணவர்கள் கூட்டம் இருக்கும். பரங்கிமலை, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பகுதிகளில் வீடு பார்க்கலாம்.

இதில் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. கடற்கரையிலிருந்து வரும் பல ரயில்கள் தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வரை போகும் ரயில்கள் குறைவு. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நிறைய நேரம் காத்திருக்க வேண்டிவரும். கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடுவது நல்லது. 2025 ஏப்ரல் முதல் இந்தத் தடத்தில் ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறது.

ஸ்ரீபெரும்புதூர்: இங்கு மின்சார ரயில் கிடையாது. பெங்களூரு நெடுஞ்சாலைதான் வழி. பூந்தமல்லியிலிருந்து சுமார் 20 கி.மீ. இந்தச் சாலையில் லாரி, கன்டெய்னர் போக்குவரத்து எந்நேரமும் இருக்கும் என்பதால், ‘எதிர்த்திசை’ என்ற லாபம் இங்கு பாதிதான் கிடைக்கும். கம்பெனி பஸ் இருந்தால், அது எங்கே நிற்கிறது என்று கேட்டுவிட்டு, அங்கிருந்து நடக்கும் தூரத்தில் வீடு பாருங்கள்.

ஒரகடம்: வண்டலூர்–வாலாஜாபாத் சாலை வழியாகப் போகலாம். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் பகுதிகள் வசதி.

அம்பத்தூர் தொழிற்பேட்டை: சென்ட்ரல்–அரக்கோணம் தடத்தில் பட்டரவாக்கம் நிலையம் அருகில் உள்ளது. பெரம்பூர், வில்லிவாக்கம் பகுதிகளில் இருப்பவர்கள் காலையில் கூட்டத்துக்கு எதிராகப் போய்வரலாம்.

கணவனுக்கு ஒரு பக்கம், மனைவிக்கு ஒரு பக்கம் வேலை என்றால்?

ஒருவருக்கு பாரிமுனையிலும் மற்றவருக்கு மஹிந்திரா சிட்டியிலும் வேலை என்று வைத்துக்கொள்வோம். சரிபாதி தூரத்தில் வீடு எடுப்பதுதான் நியாயம் என்று தோன்றும். ஆனால் கிலோமீட்டரைப் பாதியாகப் பிரித்தால் நேரம் பாதியாகப் பிரியாது. கூட்டத்தோடு போகிறவருக்கு அதே தூரம் அதிக அலுப்பு. எனவே நெரிசல் திசையில் போகிறவருக்கு வீடு கொஞ்சம் பக்கமாகவும், எதிர்த்திசையில் போகிறவருக்கு கொஞ்சம் தள்ளியும் இருக்கலாம்.

இரவு ஷிஃப்ட் முடிந்து தனியாகத் திரும்புகிறவர் யார், பிள்ளையை ஸ்கூலிலிருந்து அழைத்துவருகிறவர் யார் என்பதையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

வாடகை குறைவு... லாபமா?

ஒரு சின்னக் கணக்கு. ஒருவழிப் பயணம் 1 மணி 15 நிமிடம் என்றால், மாதம் 25 வேலைநாட்களுக்கு 62.5 மணி நேரம் சாலையில் போகும். அதையே 45 நிமிடமாகக் குறைத்தால் 37.5 மணி நேரம். வித்தியாசம் 25 மணி நேரம். அதாவது, மாதத்தில் ஒரு முழு நாள் வீட்டாருக்குத் திரும்பக் கிடைக்கிறது.

இதோடு பெட்ரோல், சுங்கக் கட்டணம், ஷேர் ஆட்டோ செலவையும் வாடகையில் கூட்டிப் பாருங்கள். 3,000 ரூபாய் வாடகை மிச்சம் என்று தூரமாகப் போய், தினமும் ஆட்டோவுக்கே 120 ரூபாய் கொடுத்தால், 25 நாளில் மிச்சப்பட்டது அப்படியே போய்விடும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

* திங்கட்கிழமை காலையிலும், ஒரு வேலைநாள் மாலையிலும் அந்த வழியில் ஒருமுறை நீங்களே போய் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போகும்போது ஆன நேரத்தை நம்ப வேண்டாம்.

* வீட்டிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் என்ற கடைசி 2 கி.மீ.தான் பயணத்தைச் சுலபமாக்கும் அல்லது கெடுக்கும். ராத்திரி 10 மணிக்கு ஷேர் ஆட்டோ கிடைக்குமா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

* மழைக்காலத்தை யோசியுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. “இங்க தண்ணி நிக்குமா?” என்று புரோக்கரிடம் கேட்காமல், தெருமுனை மளிகைக் கடையில் கேளுங்கள்.

* “மெட்ரோ வரப்போகுது சார்” என்று சொல்லி வாடகையை ஏற்றுவார்கள். மெட்ரோ 2-ம் கட்டத் திட்டத்தில் பூந்தமல்லி, சிறுசேரி, சோழிங்கநல்லூர் வரை பாதைகள் உள்ளன. ஆனால் உங்கள் நிலையத்தில் ரயில் நிற்கத் தொடங்கிய பிறகே அதற்கான கூடுதல் வாடகையை யோசியுங்கள். பணி நடக்கும் இடங்களில் சாலை குறுகலாகவே இருக்கும்.

* தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்க முடியாது. எனவே ஒப்பந்தத்தில் என்ன தொகை எழுதப்பட்டுள்ளது என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

யாருக்கு ரிவர்ஸ் கம்யூட் சரிப்படாது?

ஷிஃப்ட் வாரம் வாரம் மாறுகிறவர்களுக்கும், அடிக்கடி ஓவர்டைம் பார்ப்பவர்களுக்கும் எதிர்த்திசையால் பெரிய பலன் இருக்காது. அதிகாலை, நள்ளிரவு நேரங்களில் சாலை எப்படியும் காலிதான். அவர்களுக்குத் தூரம் குறைவாக இருப்பதே முக்கியம். வேலையில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகிறது என்றால், உடனே குடும்பத்தோடு மாறாமல், முதலில் ஆபீஸ் அருகே பிஜி அல்லது ஷேரிங் அறையில் தங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். வேலை மாறினால் வீட்டையும் பள்ளியையும் சேர்த்து மாற்ற வேண்டிய சிக்கல் வராது.