கறிவேப்பிலைக்குள்ள ஒரு டாக்டர் பெயர் இருக்கு

மக்களே, கறிவேப்பிலையோட அறிவியல் பெயர் முர்ராயா கோனிகி. முன்பெயர் ஓரிரு முறை மாறியிருக்கு, "கோனிகி" மட்டும் மாறல. அது ஒரு மருத்துவரோட பெயர்.

யோஹான் கெர்ஹார்ட் கோனிக். லின்னேயஸோட மாணவர். 1768ல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்தார். நம்ம குறிஞ்சிப்பாடியிலேர்ந்து சிதம்பரம், சீர்காழி தாண்டிப் போனா வர்ற அதே தரங்கம்பாடிதான். அப்போ டேனிஷ்காரங்க ஊர்.

டாக்டருக்குச் செடி எதுக்கு? அன்னைக்கு மருந்தே பெரும்பாலும் செடிதான். ஒண்ணுக்குப் பதில் இன்னொண்ணு அரைச்சுக் கொடுத்தா நோயாளி போயிடுவார். அதனால பறிச்சு, அழுத்திக் காயவச்சு, தாள்ல ஒட்டி, பெயரும் இடமும் எழுதி வைக்கணும். உயிரினப் பட்டியல் எடுக்கிறவங்க இன்னைக்கும் செய்றது இதைத்தான்.

பிறகு கோனிக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இயற்கையியலாளர் ஆனார். 1785ல் சீதபேதியில் இறந்தார். (ஓஆர்எஸ் வர இன்னும் இரண்டு நூற்றாண்டு பாக்கி. ஒரு டாக்டரா இந்த வரி எனக்குக் கஷ்டமா இருக்கு.)

அவர் இடத்துக்கு வந்தவரும் மருத்துவர்தான்: பேட்ரிக் ரஸ்ஸல். இவர் எடுத்தது பாம்புப் பட்டியல். விஷமுள்ளது எது, இல்லாதது எதுன்னு சாதாரண ஆளுக்கும் தெரியணும், அதான் நோக்கம். சோழமண்டலக் கரைப் பாம்புகள் பற்றிய அவர் புத்தகம் 1796ல் வந்தது. அதில் பல பாம்புகளுக்கு ஊர் மக்கள் சொன்ன பெயரையே எழுதினார். கண்ணாடி விரியனோட அறிவியல் பெயர்ல இன்னைக்கும் ரஸ்ஸல் இருக்கார்.

அந்த விரியன் கடிச்சா ரத்தம் உறையாது. 20 நிமிடம் கண்ணாடிக் குழாயில் வச்சுப் பார்த்தே நாங்க கண்டுபிடிப்போம். தயவுசெஞ்சு பாம்பை அடிச்சுப் பையில எடுத்துட்டு வராதீங்க!

சரி, நம்ம பக்கம் வருவோம். கடலூர் மாவட்டத்துல திருமாணிக்குழி, குழந்தைகுப்பம் காடுகள்ல புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிலத்தை அளந்து, மரம் மரமா எண்ணி, 1997ல் பட்டியல் வெளியிட்டாங்க. காசா, வீரை மாதிரி மரங்கள் வளர்ற கடலோர உலர் பசுமைமாறாக் காடு இது. இதுல மிச்சமிருக்கிறது பெரும்பாலும் சாமிக்குப் பயந்து வெட்டாம விட்ட கோயில் காடுகள்தான்.

நெய்வேலியில் 1956ல் என்எல்சி தொடங்கினாங்க. திறந்தவெளிச் சுரங்கம்னா மேல்மண்ணும் அதுல இருந்த அத்தனையும் போகும். பிறகு மரம் நடலாம், நடவும் செய்றாங்க. ஆனா முன்னாடி என்ன இருந்துச்சுன்னு எழுதி வைக்காத இடத்துல எதைத் திருப்பி நடுவீங்க?

2002ல் வந்த பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு குழு இருக்கணும். ஊர் மக்களைக் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்கிறது அதோட வேலை. ஆடு மேய்க்கிற பெரியவரும் மூலிகை தெரிஞ்ச பாட்டியும் இருக்கும்போதே அது நடக்கணும்.

உங்க ஊராட்சி ஆபீஸ்ல போய் அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்க. கண்ணாடி விரியனை உங்க ஊர்ல என்னன்னு சொல்வாங்களோ, அந்தப் பெயர் அதுல இருக்கான்னு பாருங்க.