அஞ்சற்பையில் வந்த பள்ளிக்கூடம்

இருபதாம் நூற்றாண்டு பிறந்து ஐந்தாறு வருஷங்களே கழிந்திருந்த சமயத்தில், அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரத்திலுள்ள கால்வெர்ட் பள்ளியின் சிறுபிள்ளைகளிடையே கக்குவான் இருமல் பரவியது. வகுப்புக்கு வர இயலாமற்போன குழந்தைகளின் படிப்பு தடைப்பட்டுவிடலாகாதே என்ற கவலையினால், பள்ளியின் தலைமையாசிரியரான வர்ஜில் ஹில்லியர், பாடங்களையும் அவற்றைச் சொல்லிக்கொடுக்கும் விதத்தையும் தாய்மார்களுக்கு விளங்கும்படி எழுதி வீடுகளுக்கு அனுப்பிவைத்தார். நோய் நீங்கிப் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பிய பின்னரும் அவர் அந்த ஏற்பாட்டை மறந்துவிடவில்லை. ஆசிரியப் பயிற்சி சிறிதும் பெறாத ஒரு தாய், தெளிவான வழிகாட்டும் நூல் ஒன்று கையில் இருக்குமானால் தன் பிள்ளைக்குத் தானே உபாத்தியாயராக இருக்க முடியும் என்று கண்டுகொண்ட அவர், 1906ஆம் ஆண்டில் நேஷனல் ஜியாகிரஃபிக் சஞ்சிகையில் விளம்பரம் செய்து, அந்தப் பாடங்களை உலகத்தார் எல்லோருக்குமாகத் திறந்துவிட்டார். பள்ளிக்கூடமே இல்லாத ஊர்களில் வாழ்ந்த பாதிரிமார்களும், தூதரக உத்தியோகஸ்தர்களும், இராணுவத்தாரும் தங்கள் குழந்தைகளுக்காக அந்தப் பாடப் பொட்டலங்களைத் தருவித்துக்கொண்டார்கள்.

இன்றைக்கு வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர், வாசிப்பும் எழுத்தும் இலக்கணமும் கட்டுரையும் கற்பிக்க இணையத்தில் எத்தனையோ சாதனங்களைத் தேடிக்கொள்கிறார்கள். அது நேற்றுத் தோன்றிய புதுமை என்று நாம் எண்ணுவது இயல்பேயாயினும், அதன் பூர்வ சரித்திரம் தபால்காரனுடைய தோற்பையிலிருந்து தொடங்குகிறது. 1840ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், அரை அவுன்ஸ் எடைக்குட்பட்ட கடிதம் தேசத்தின் எந்த மூலைக்கும் ஒரே பென்னியில் போகலாம் என்ற ஏற்பாடு வந்தபோது, ஐசக் பிட்மன் என்னும் சுருக்கெழுத்து ஆசிரியர் தம் பாடங்களைத் தபாலில் அனுப்பி, மாணாக்கர் எழுதி அனுப்பிய பயிற்சிகளைத் திருத்தித் திருப்பி அனுப்பலானார். பாடம் ஒரு பக்கமும் திருத்தம் மறுபக்கமுமாக நடந்த இந்தப் போக்குவரத்தில் கவனிக்க வேண்டியது திருத்தமேயாகும். பாடத்தைப் புத்தகத்திலும் பெறலாம், ஆனால் நாம் எழுதியதை வேறொருவர் சிரத்தையோடு படித்தார் என்னும் நிச்சயத்தைப் புத்தகம் ஒருபோதும் தருவதில்லை.

பிட்மன் வளர்ந்தவர்களுக்குச் செய்ததைக் குழந்தைகளுக்குச் செய்தவர் ஷார்லட் மேசன் என்னும் ஆங்கில மாது. வீட்டுக் கல்வியைப் பற்றி அவர் எழுதிய நூல் 1886இல் வெளிவந்தது. மறு வருஷமே பெற்றோர்களின் கல்விச் சங்கம் ஒன்று அவர் முயற்சியால் உருவாயிற்று. 1891இல் அவர் தொடங்கிய அஞ்சல் வழிப் பள்ளி, ஆம்பிள்சைடு என்னும் ஏரிக்கரை ஊரிலிருந்து, பருவந்தோறும் எந்த நூலில் எந்தப் பக்கம் வரை படிக்க வேண்டும் என்ற அட்டவணையை வீடுகளுக்கு அனுப்பியது. இங்கிலாந்தின் கிராமத்து மாளிகைகளில் மட்டுமன்றி, இந்தியாவிலும் பிற குடியேற்ற நாடுகளிலும் உத்தியோகம் பார்த்த ஆங்கிலேயரின் வீடுகளிலும் அந்த அட்டவணையைப் பின்பற்றிக் குழந்தைகள் படித்தார்கள்.

மொழிப் பாடத்தில் மேசன் அம்மையார் கையாண்ட முறை விசேஷமானது. சாரத்தைப் பிழிந்து சக்கையைக் கொடுக்கும் பாடப் புத்தகங்களை ஒதுக்கிவிட்டு, நல்ல ஆசிரியர் ஒருவர் உவந்து எழுதிய முழு நூலையே குழந்தையின் முன் வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒரு பகுதியை ஒரே ஒரு தடவை படித்துக் காட்டிவிட்டு, கேட்டதைத் தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லும்படி குழந்தையைக் கேட்பார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் வழங்கிய ஒப்பித்தலுக்கும் இதற்கும் வேற்றுமை உண்டு. ஒப்பிக்கிற பிள்ளை ஆசிரியருடைய சொல்லை அட்சரம் பிசகாமல் திருப்பித் தருகிறது, அம்மையாரின் பிள்ளையோ தனக்குப் பிடிபட்ட பொருளுக்குத் தானே சொல் தேடுகிறது. சிறுவயதில் வாயினால் சொன்ன பிள்ளைகள் வயது ஏறியதும் அதையே எழுத்தில் செய்யப் பழகினார்கள். நல்ல வாக்கியங்களைப் பார்த்து எழுதுவதும், பின்னர் சொல்லக் கேட்டு எழுதுவதுமாக எழுத்துப் பிழையும் நீங்கிற்று. பருவ முடிவில் வினாத்தாள் வரும். எழுதத் தெரியாத இளங்குழந்தை வாயினால் சொல்லும் விடையைப் பெரியவர் ஒருவர் அப்படியே எழுதிக்கொள்வார். விடைத்தாள்கள் மதிப்பிடப்படுவதற்காக ஆம்பிள்சைடுக்குப் பயணமாகும்.

ஆஸ்திரேலியாவில் இதே பிரச்சினை வேறு உருவத்தில் எழுந்தது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நூறு மைல் போக வேண்டிய உள்நாட்டு மேய்ச்சல் பிரதேசங்களில், வாரத்துக்கு ஒரு முறையோ அதைவிட அரிதாகவோ வரும் தபாலை நம்பி, 1910களிலிருந்தே அரசாங்கத்தார் அஞ்சல் பாடங்களை நடத்தினார்கள். ஆயினும் காகிதத்தில் ஒரு குறை இருந்தது. தன் வீட்டாரைத் தவிர வேறு மனிதர்களோடு பேசிப் பழகாத குழந்தைக்கு எழுத்து வந்தது, பேச்சு வரவில்லை. 1920களின் இறுதியில் அடிலெய்டு நகரத்து ஆல்ஃபிரட் டிரேகர், சைக்கிளைப் போல் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும் வானொலிக் கருவியைச் செய்து கொடுத்தார். விமானத்தில் பறந்து சென்று வைத்தியம் செய்யும் டாக்டரை அழைப்பதற்காகவே அது பண்ணை வீடுகளில் முதலில் வைக்கப்பட்டது. அந்த வைத்தியத் தொண்டில் ஈடுபட்டிருந்த அடிலெய்டு மீத்கி என்னும் கல்வி அதிகாரி, அதே கருவியின் வழியே பாடமும் நடத்தலாமே என்று யோசனை சொன்னார். அவ்வாறு தோன்றிய வான்வழிப் பள்ளி, 1951ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் முறைப்படி திறக்கப்பட்டது. சுமார் 13 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் சிதறிக் கிடந்த பிள்ளைகள், ஒருவரையொருவர் காணாமலே ஒரே வகுப்பில் அமர்ந்து, ஆசிரியை பெயரைச் சொல்லி அழைத்ததும் பதில் சொன்னார்கள். எழுத்து வேலை மட்டும் முன்போலவே தபாலில் போய் வந்தது. கருவியின் பக்கத்தில் அமர்ந்து பிள்ளையை மேற்பார்த்தவர் பெரும்பாலும் தாயாகவே இருந்தார். வானொலி போய்ச் செயற்கைக்கோள் வழி இணையம் வந்தது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

இவையெல்லாம் பள்ளி எட்டாத இடத்துக்குப் பள்ளியைக் கொண்டுசென்ற முயற்சிகள். பள்ளி எட்டும் தூரத்தில் இருந்தும் வேண்டாம் என்று விலகுவதற்குக் குரல் கொடுத்தவர்களுள் முக்கியமானவர் ஜான் ஹோல்ட். வகுப்பறையில் ஆசிரியராக இருந்து, குழந்தைகள் எதனால் தோற்கிறார்கள் என்று ஆராய்ந்து 1964இல் நூல் எழுதிய அவர், பள்ளியைச் சீர்திருத்தலாம் என்ற நம்பிக்கையை மெல்ல இழந்து, 1977இல் பள்ளியின்றி வளரும் பிள்ளைகளுக்காகவே ஒரு பத்திரிகை தொடங்கினார். வீட்டில் வகுப்பறையைப் போலிசெய்வதைக்கூட அவர் விரும்பவில்லை. பிள்ளை தன் ஆவலின் வழியே கற்கட்டும் என்பதே அவர் கட்சி. சமயப்பற்றினால் பள்ளியை விட்டு விலகிய குடும்பங்களோ, வகுப்பு வாரியாக ஒழுங்குசெய்யப்பட்ட பாடப் பொட்டலங்களையே நாடின. இவ்விரு சாராரும் நீதிமன்றங்களிலும் சட்டசபைகளிலும் போராடியதன் பலனாக, 1990களின் முற்பகுதிக்குள் அமெரிக்க மாகாணங்கள் அனைத்திலும் வீட்டுக்கல்வி சட்டபூர்வமாயிற்று.

ஹோல்ட்டின் காலத்திலேயே புத்தகத்தின் விலை பூஜ்யத்தை நோக்கி இறங்கத் தொடங்கிற்று. 1971ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி, இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துக் கணிப்பொறியில் மைக்கேல் ஹார்ட் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து வைத்ததிலிருந்து பிறந்த குட்டன்பர்க் திட்டம், காப்புரிமை நீங்கிய நூல்களை யாவரும் எடுத்துக்கொள்ளும்படி செய்தது. 2005இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸ், தொண்டர்கள் உரக்கப் படித்த அந்நூல்களைச் செவிக்கும் எட்டவைத்தது. எழுத்தின் ஒலியிலிருந்து வாசிப்பைக் கற்பிக்கும் ஸ்டார்ஃபால் போன்ற தளங்களும், உறவுச் சிறுமி ஒருத்திக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கப் புகுந்த சல்மான் கானின் முயற்சியிலிருந்து விரிந்த கான் அகாதெமியும் ஏறக்குறைய அந்த வருஷங்களிலேயே தோன்றின. தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. 1998 பொங்கல் திருநாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை வலையேற்றியது. 2001இல் எழுந்த தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரோடு, தமிழ்ப் பள்ளி இல்லாத தேசங்களில் வளரும் நம் குழந்தைகளுக்காக மழலைக் கல்விப் பாடங்களை வைத்திருக்கிறது.

நூல்கள் இவ்வாறு இலவசமாகிவிட்ட பிறகு, ஆம்பிள்சைடு ஆன்லைன் என்னும் பெயரில் தாய்மார்கள் சிலர் கூடிச் செய்த காரியம் இந்தச் சரித்திரத்தின் பொருளை நன்றாக விளக்குகிறது. அவர்கள் புதிய பாடம் எதையும் எழுதவில்லை; ஷார்லட் மேசனின் வழியைப் பின்பற்றி, வலையில் கிடந்த பழைய நூல்களை வகுப்புக்கு 36 வாரங்களாகப் பங்கிட்டு, இந்த வாரம் இன்ன நூலில் இன்ன அத்தியாயம் என்று ஓர் அட்டவணை செய்து, விலையின்றிக் கொடுத்தார்கள். கால்வெர்ட் பொட்டலத்துக்குப் பெற்றோர் கொடுத்த பணம் உண்மையில் எதற்காக என்பது இங்கே புலப்படும். பென்சிலையும் புத்தகத்தையும் கடையில் வாங்கியிருக்கலாம். நாளைக் காலையில் என்ன செய்வது என்று சொல்லும் ஒழுங்கும், பிள்ளை எழுதியதைத் திருத்தி எழுதும் ஒரு கையும் கடையில் கிடைக்கவில்லை. ஒழுங்கை அந்தத் தாய்மார்களின் அட்டவணை இலவசமாகக் கொடுத்துவிட்டது. மற்றதை எந்த அட்டவணையும் கொடுக்க முடியாது. கணக்கின் விடையைக் கணிப்பொறி சரிபார்த்துவிடலாம். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை தான் கேட்ட கதையைத் தன் வார்த்தையில் சொல்லும்போது, அது எதை விட்டுவிட்டது, எந்தச் சொல்லுக்காகத் தடுமாறியது, எந்த இடத்தில் அதன் குரல் உயர்ந்தது என்பதைக் கேட்பதற்கு ஒரு செவி வேண்டியிருக்கிறது. ஆகையால், தன் பிள்ளையின் மொழிப் பயிற்சிக்காகப் புதியதொரு தளத்தைத் தேர்ந்தெடுக்கப் புகும் பெற்றோர், அதில் எத்தனை பாடங்கள் உண்டு என்று எண்ணிப்பார்ப்பதற்கு முன்னால், ஆம்பிள்சைடுக்கு விடைத்தாள் அனுப்பிய தாய் கேட்கத் தேவையில்லாதிருந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது நலம்: என் பிள்ளை எழுதப்போவதை யார் படிக்கப்போகிறார்?