முறுக்காணியைத் திருகாமல் சுருதி மாற்றிய கதை

இசைக்கருவிகளின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது, 9 வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கிய ஒரு கனடியச் சிறுமியின் இடக்கை.

1943இல் பிறந்த பாடகி ஜோனி மிட்செல்தான் அச்சிறுமி. நோயிலிருந்து மீண்டாலும் இடக்கையின் வலு குறைந்துவிட்டது. கிட்டாரின் வழக்கமான கார்டுகளை அழுத்திப் பிடிக்க அக்கை ஒத்துழைக்கவில்லை. எனவே அவர் முறுக்காணிகளைத் திருகி, விரல் வைக்காமல் மீட்டினாலே இனிய கூட்டொலி எழுமாறு கம்பிகளின் சுருதியை மாற்றிக்கொண்டார். இவ்வாறு அவர் கையாண்ட சுருதியமைப்புகள் ஏறத்தாழ 50. பாடல் இயற்றுவதற்கு அது வரமாக அமைந்தது, மேடையிலோ பெருந்தொல்லை. பாட்டுக்குப் பாட்டு கம்பிகளைத் திருக வேண்டும்; ஓயாமல் இழுத்துத் தளர்த்தப்படும் கம்பி சொன்ன சுருதியில் நில்லாது. 1990களின் நடுவில், மேடையையே துறந்துவிடலாம் என்று எண்ணும் நிலைக்கு அவர் வந்துவிட்டார்.

சுருதியை மின்னணு முறையில் மாற்றும் கருவி அதற்கு முன்பே இருந்தது. அமெரிக்காவின் ஈவன்டைட் நிறுவனம் 1975இல் எச்910 ஹார்மனைசரை வெளியிட்டது. அது ஒலியை நினைவகத்தில் எழுதி, வேறொரு வேகத்தில் படிக்கும். விரைந்து படித்தால் சுருதி ஏறும். மெல்லப் படித்தால் இறங்கும். பாட்டின் நீளம் மாறாதிருக்கத் துண்டுகளை வெட்டி ஒட்டும். ஒட்டிய இடத்தில் சிறு விக்கல் கேட்கும். (அதனை முதலில் வாங்கியோருள் நியூயார்க்கின் ஒரு தொலைக்காட்சி நிலையமும் உண்டு. விளம்பரத்திற்கு நேரம் மிச்சம்பிடிக்க விரைவாக ஓட்டிய பழைய நகைச்சுவைத் தொடரில் கீச்சிட்ட குரல்களை இறக்குவதற்காம்!)

அதையே கிட்டாரில் பூட்டினால் போதாதோ? போதாது. ஓர் அரைச்சுரம் இறக்குவதென்பது ஒவ்வோர் அதிர்வெண்ணையும் ஏறத்தாழ 1.0595ஆல் வகுப்பதாகும். ஆறு கம்பிகளும் ஒன்றாக இறங்கும். அவற்றுக்கிடையே உள்ள உறவு மாறாது. மிட்செலுக்கு வேண்டியது அந்த உறவையே மாற்றுவது. எடுத்துக்காட்டாக, தடித்த கம்பி மட்டும் 82.4 ஹெர்ட்சிலிருந்து 73.4க்கு இறங்க, அடுத்தது அசையாமல் நிற்க வேண்டும். கலந்துவிட்ட ஒலியில் ஒரு கம்பியை மட்டும் பிரிப்பது, பாயசத்திலிருந்து சர்க்கரையைப் பிரிப்பது போன்றது.

ஆகவே கலக்கும் முன்பே பிரித்தார்கள். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1995இல் வெளியிட்ட விஜி-8, ஆறு கம்பிகளின் அதிர்வையும் தனித்தனியே வாங்கி, தனித்தனியே கணக்கிட்டு, வேண்டிய சுருதியில் ஒலிக்கச் செய்தது. விரலடியில் உள்ள கம்பிகள் வழக்கமான சுருதியிலேயே இருக்கும். லாஸ் ஏஞ்சலிஸில் இசைக்கருவிக் கடை நடத்திய பிரெட் வாலெக்கி அதனை மிட்செலிடம் சேர்ப்பித்தார். அவ்வாண்டே நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் விழாவில் அதனோடு அவர் மேடையேறினார். 1998இல் வந்த 'டேமிங் த டைகர்' தொகுப்பிலும் அதன் ஒலியைக் கேட்கலாம்.

உண்மையைச் சொன்னால், அவ்வொலி எனக்கு அத்துணை உவப்பாக இல்லை. 1970களின் தொகுப்புகளில் கேட்ட மரத்தின் கனிவு அதில் இல்லை. கண்ணாடியைத் தட்டியது போன்ற மினுக்கம் இருக்கிறது. ஆயினும் அந்தக் கனிவைக் காரணங்காட்டி அவரை வீட்டிலேயே இருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2007இல் ஃபெண்டரும் ரோலண்டும் இணைந்து, ஒரு குமிழைத் திருப்பினால் சுருதி மாறும் கிட்டாரையே விற்பனைக்குக் கொண்டுவந்தன. இவ்வகைக் கருவிகளில் ஒரு வேடிக்கை உண்டு. அமைதியான அறையில் மெல்ல மீட்டினால், கம்பியின் சொந்தச் சுருதி ஒரு காதிலும் பெட்டியிலிருந்து வரும் சுருதி மறு காதிலும் விழுந்து மோதிக்கொள்ளும். ஒலிபெருக்கியின் ஓசையைக் கூட்டினால்தான் கம்பி வாய்மூடும்.