டூயல் பூட்டா, உள்வாடகையா?

2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த கருவிகள் பலவற்றில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பவர் பட்டனை அழுத்தியதும் எது வேண்டும் என்று கேட்கும் கறுப்புத் திரையை இங்கே பலரும் முதன்முதலாகப் பார்த்தது அந்த மடிக்கணினியில்தான். பாஸுக்குள் எத்தனை பேர் போனார்கள் என்பது வேறு கதை.

அந்தக் கறுப்புத் திரைதான் டூயல் பூட். வட்டைப் பிரித்து இரண்டு இயங்குதளங்களையும் நிறுவி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எழுப்புவது. எழுந்ததற்கு ரேம், பிராசசர், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் முழுச் சொந்தம். இன்னொரு வழி, ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதை அதற்குள் உள்வாடகைக்கு வைப்பது. விர்ச்சுவல் பாக்ஸும் விஎம்வேரும் இதைப் பல காலமாகச் செய்கின்றன. இப்போது நிரல் எழுதுபவர்கள் அதிகம் நாடுவது, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் மைக்ரோசாஃப்டின் டபிள்யூஎஸ்எல். 2016இல் வந்த அதன் முதல் வடிவம், லினக்ஸ் கேட்பதை விண்டோஸுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் ஏற்பாடு மட்டுமே. 2020இல் விண்டோஸ் 10உடன் வந்த இரண்டாம் வடிவத்தில் உண்மையான லினக்ஸ் கெர்னலே ஓடுகிறது.

பகலில் வேலை, இரவில் கேம் என்றிருப்பவர் இவற்றில் எதைத் தேர்வது? எது வேகம் என்று பார்ப்பதைவிட, எது உள்வாடகைக்குச் சம்மதிக்கும் என்று பார்ப்பதே சரி. வேலை சம்மதிக்கும். பைத்தான், நோட், டாக்கர், சர்வருக்கு எஸ்எஸ்ஹெச் எதுவானாலும் விண்டோஸுக்குள் இருக்கும் உபுண்டுவில் ஓடும். என்விடியா கார்டு இருந்தால் குடாவும் ஓடும். கேம் சம்மதிக்காது. லினக்ஸில் ஒரு விர்ச்சுவல் மெஷினைத் திறந்து அதற்குள் விண்டோஸைப் போட்டால், கிராபிக்ஸ் கார்டு அதன் கைக்குப் போகாது. போக வேண்டுமானால் கார்டையே அதற்கு எழுதிக்கொடுக்கும் ‘பாஸ்த்ரூ’ வேலை செய்ய வேண்டும். பொதுவாக இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளும், அதற்கு இடம்கொடுக்கும் மதர்போர்டும், நிறையப் பொறுமையும் தேவை. இத்தனையும் செய்து முடித்தபின் வாலரன்ட் என்ற ஆன்லைன் கேமைத் திறந்தால், அதன் காவலாளியான வேன்கார்ட் விர்ச்சுவல் மெஷினை மோப்பம் பிடித்து வாசலிலேயே நிறுத்திவிடும். எனவே உள்வாடகை என்று முடிவெடுத்தால் வீட்டுக்காரர் விண்டோஸ்தான், லினக்ஸ்தான் குடித்தனக்காரர்.

இங்கே ரேம் குறுக்கே வருகிறது. டபிள்யூஎஸ்எல்லின் இரண்டாம் வடிவம் தானாக விட்டால் மொத்த ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளும். 16 ஜிபி இருந்தால் கவலையில்லை. 8 ஜிபி மடிக்கணினியில் விண்டோஸ் 11, குரோம், அதன் மேல் நான்கைந்து டாக்கர் கண்டெய்னர் என்றால் மவுஸ் திணறத் தொடங்கும். பழைய கருவிக்கு டூயல் பூட் செய்யும் உபகாரம் இதுதான்: லினக்ஸை எழுப்பினால் விண்டோஸ் ஒரு எம்பி கூடத் தின்பதில்லை. வன்பொருளைத் தொட்டு வேலை செய்பவர்களுக்கும் அதுவே வசதி. யுஎஸ்பியில் செருகிய ஆர்டுயினோ பலகை டபிள்யூஎஸ்எல்லுக்குத் தானாகத் தெரியாது. தனி மென்பொருள் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். கோப்பு விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. லினக்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு சி டிரைவில் இருக்கும் ப்ராஜெக்ட்டைத் திறந்தால் எல்லாம் ஆமை வேகம். ப்ராஜெக்ட்டை லினக்ஸின் சொந்தக் கோப்புறைக்கு மாற்றிவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

அதற்காக டூயல் பூட் சுகவாசம் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு இயங்குதளங்களும் ஒன்றை ஒன்று மதிப்பதில்லை. விண்டோஸ், மதர்போர்டு கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக நம்புகிறது. லினக்ஸ் வழக்கமாக அதில் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கிறது. லினக்ஸில் வேலையை முடித்து இரவு 9.30க்கு விண்டோஸைத் திறந்தால் மூலையில் மாலை 4 மணி என்று காட்டும். ஐந்தரை மணி நேரம் பின்னால்! ஏதோ ஒரு பக்கத்தில் ஒரு அமைப்பை மாற்றினால் போதும் என்றாலும், காரணம் தெரியாதவர் மதர்போர்டு பேட்டரியை மாற்றக் கடைக்குப் போய்விடுவார். இன்னொன்று ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’. விண்டோஸில் ஷட் டவுன் அழுத்தினாலும் அது முழுதாக அணைவதில்லை, கெர்னலை வட்டில் உறங்கவைக்கிறது. அந்த நிலையில் லினக்ஸில் இருந்து டி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது; அதை மீறி எழுதவைத்தால் கோப்புகள் கெட வாய்ப்புண்டு. டூயல் பூட் வைப்பவர் முதலில் அணைக்க வேண்டியது இதைத்தான்.

பெரிய தலைவலி, கையொப்பமில்லாத பூட் லோடரை எழவிடாத செக்யூர் பூட். லினக்ஸ் நிறுவத் தெரியாமல் தவிப்பவருக்கு நண்பர்கள் சொல்லும் முதல் வைத்தியம், ‘பயாஸில் அதை அணைத்துவிடு’ என்பது. விண்டோஸ் 11இல் வாலரன்ட் ஆடுபவருக்கு இது விஷம்; செக்யூர் பூட்டும் டிபிஎம் 2.0வும் இல்லாமல் அந்த கேம் திறக்காது. உபுண்டு, ஃபெடோரா போன்றவை கையொப்பமிட்ட பூட் லோடரோடு வருவதால் அணைக்காமலே நிறுவலாம், அந்த வழியில் போவதே நல்லது. அப்படிப் போனவர்களுக்கும் 2024 ஆகஸ்டில் அடி விழுந்தது. விண்டோஸின் பாதுகாப்பு அப்டேட் ஒன்று, டூயல் பூட் கணினிகளைத் தொடாது என்று சொல்லப்பட்டும் பலருடைய லினக்ஸைத் திறக்கவிடாமல் செய்தது. வீட்டுக்காரரின் அப்டேட்டால் இப்படி வெளியே நிற்கும் நிலை டபிள்யூஎஸ்எல்லில் இல்லை. என் கணக்கில் அதன் மிகப் பெரிய பலம் இதுவே.

இதற்கிடையே, விண்டோஸே எதற்கு என்று கேட்பவர்களின் எண்ணிக்கையும் கூடிவருகிறது. கேள்வி நியாயமானது. 2018இல் ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் வெளியிட்ட புரோட்டான், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓடவைக்கிறது. 2022இல் வந்த கையடக்க கேம் கருவியான ஸ்டீம் டெக் அதன் மேல்தான் நிற்கிறது. சைபர்பங்க் 2077, எல்டன் ரிங் போன்றவை நன்றாகவே ஓடுகின்றன. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டுக்கும் நேரடி லினக்ஸ் பதிப்பே உண்டு. தடை, ஆன்லைன் கேம்களில் ஏமாற்றைத் தடுக்கும் ஆன்டி-சீட்டில்தான். வாலரன்ட், ஃபோர்ட்நைட் வருவதில்லை. அபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்து, 2024 அக்டோபர் இறுதியில் கதவைச் சாத்தியது. கதை சொல்லும் கேம்களை மட்டும் ஆடுபவருக்கு இரண்டாவது இயங்குதளமே தேவைப்படாமல் போகலாம். நண்பர்களோடு ராங்க் ஏற்றுபவருக்கு விண்டோஸ் வேண்டும்.

டூயல் பூட்டுக்கு ஆதரவாக ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கேமுக்குப் போக ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பதைப் பலரும் குறையாகச் சொல்கிறார்கள். ஆனால் வேலை நேரத்தில் டாஸ்க்பாரில் ஸ்டீம் ஐகான் கண்சிமிட்டாமல் இருப்பது சிலருக்கு வரப்பிரசாதம். ஆல்ட்-டேப் தூரத்தில் கேம் இருந்தால் வேலை ஓடாதவர்களை எனக்குத் தெரியும்.

என் முடிவு இது: 16 ஜிபி ரேமும், நிரல் அல்லது சர்வர் வேலையும், ஆன்லைன் கேமும் உள்ளவருக்கு விண்டோஸும் அதற்குள் டபிள்யூஎஸ்எல்லும் போதும். ரேம் 8 ஜிபி, அல்லது நாள் முழுக்க லினக்ஸிலேயே வேலை என்றால் டூயல் பூட். அதையும் ஒரே வட்டைப் பிரித்து வைக்காமல், இடமிருந்தால் இரண்டாவது எஸ்எஸ்டி வாங்கி அதில் வைப்பதே மேல். எதைச் செய்வதானாலும், பயாஸைத் தொடும் முன் விண்டோஸில் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை, அந்தக் கணினியில் சேமிக்காமல், ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.