போட்டி இடர்ப் பகுப்பாய்வு

புற்றுநோய் உடலின் வேறு உறுப்புகளுக்குப் பரவுமுன் மாரடைப்போ சிறுநீரகச் செயலிழப்போ நோயாளியின் உயிரைக் கொண்டுபோய்விடலாம். இப்படி முந்திக்கொள்ளும் நிகழ்வுகளையும் சேர்த்து, பரவலின் வாய்ப்பைக் கணிக்கும் புள்ளிவிபர முறையே போட்டி இடர்ப் பகுப்பாய்வு.

இதன் தொடக்கம் புற்றுநோயில் அல்ல, அம்மையில். சுவிட்சர்லாந்துக் கணிதவியலாளர் டேனியல் பெர்னூலி 1760 இல் பாரிஸ் அறிவியற் கழகத்தில் ஒரு கேள்வியை வைத்தார்: பெரியம்மையே இல்லாது போனால் மனிதர் எவ்வளவு காலம் கூடுதலாக வாழ்வர்? அம்மை வராதவர்களில் ஆண்டுக்கு எட்டிலொருவருக்கு அது தொற்றும், தொற்றியவர்களில் எட்டிலொருவர் இறப்பார் என்று வைத்துக்கொண்டு, வானியலாளர் ஹாலியின் ஆயுள் அட்டவணையைக் கொண்டு கணக்கிட்டார். சராசரி ஆயுள் சுமார் 3 ஆண்டுகள் கூடும் என்பது விடை. பெரியம்மையைத் தடுக்க அம்மைப்பால் குத்தினால் இன்றைக்கே சாகக்கூடும், கிடைக்கும் ஆயுளோ கடைசியில்தானே என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் தலம்பேர் மறுத்தார்.

உயிர்வாழ்வைக் கணக்கிட 1958 இல் வந்த கப்லான்–மையர் முறை, இப்படிப் போட்டி இடர்கள் உள்ள இடத்தில் வாய்ப்பை மிகைப்படுத்திக் காட்டும். எடுத்துக்காட்டாக, 100 நோயாளிகளில் 50 பேர் முதலாண்டில் வேறு காரணங்களால் இறக்கிறார்கள். மறு ஆண்டில் எஞ்சிய 50 பேரில் 10 பேருக்கு நோய் பரவுகிறது. இறந்தவர்களைக் கண்காணிப்பிலிருந்து விலகியவர்களாகக் கொள்ளும் அம்முறை 20 வீதம் என்னும். உண்மையில் பரவியது நூற்றுக்குப் பத்துப் பேருக்குத்தான்.

1978 இல் ஆலன், யோஹான்சன் இருவரும் இதற்குத் திருத்தமான மதிப்பீட்டைத் தந்தனர். 1999 இல் ஃபைன், கிரே வகுத்த மாதிரி, தனி நோயாளிக்கு எதிர்வு கூறுவதற்கு உகந்தது. நோயின் காரணத்தை ஆராய்பவர்களுக்குக் கொக்ஸ் 1972 இல் வகுத்த இடர்வீத மாதிரியை ஒவ்வொரு காரணத்துக்கும் தனித்தனியே பொருத்துவதே போதும்.

இலங்கையில் காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று. ஆகவே ஏ-9 வீதியில் உள்ள புளியங்குளத்தின் முதிய விவசாயி ஒருவருக்கு இக்கணிப்பைச் செய்யும்போது சிறுநீரகத்தை விட்டுவிட முடியாது. எது முதலில் வந்தது, எந்தத் திகதியில் வந்தது என்ற இரண்டும் கணக்குக்கு வேண்டும். ஒரே நோயாளி வவுனியா, தெல்லிப்பழை, மகரகம மருத்துவமனைகள் என்று அலைந்தால் அந்தத் திகதிகள் மூன்று கோப்புகளில் சிதறிவிடும்.

இன்று இம்முறைகளுக்கான கணினி நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.