அருவியில் பிறந்த முணுமுணுப்பு

1891-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் ஒரு கண் டாக்டர் பெயர்ப்பலகை மாட்டினார். தினமும் காலை பத்து மணிக்கு வந்து, பிற்பகல் மூன்று நான்கு மணிவரை காத்திருந்தார். வாசல் மணி ஒருநாளும் ஒலிக்கவில்லை. ஒரு நோயாளிகூட எட்டிப் பார்க்காத அந்த அறையில் மேசை இருந்தது, காகிதம் இருந்தது, பொழுது கொட்டிக் கிடந்தது. சும்மா இருந்த டாக்டர் ஒரு கணக்குப் போட்டார். வைத்தியத்தில் தோற்றவரை அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அவருக்கே அன்று தெரியாது.

அக்காலத்துப் பத்திரிகைகளில் தொடர்கதைக்குத்தான் மவுசு. ஆனால் ஓர் இதழ் கைதவறினால் கதையின் நூல் அறுந்துபோகும். வாசகரும் கையைவிட்டுப் போவார். கதை அந்தந்த இதழிலேயே முடிந்துவிட வேண்டும், கதாநாயகன் மட்டும் மாதாமாதம் திரும்பி வர வேண்டும் என்று டாக்டர் திட்டமிட்டார். அதற்குத் தோதான ஓர் ஆள் அவரிடம் ஏற்கெனவே இருந்தான். வெறும் 25 பவுண்டுக்கு அவர் உரிமையை விற்று, 1887-இல் வெளியான நாவல் ஒன்றில் உலவிய துப்பறிவாளன் அவன். 1891 ஜூலையில் 'ஸ்ட்ராண்ட்' மாத இதழில் அவனுடைய முதல் சிறுகதை வந்தது. டாக்டர் ஆர்தர் கானன் டாயில். துப்பறிவாளன் ஷெர்லாக் ஹோம்ஸ். ரயில் நிலையப் புத்தகக் கடைகளில் 'ஸ்ட்ராண்ட்' பறந்தது. டாயில் அதற்குள் கண் வைத்தியத்தைக் கைகழுவியிருந்தார். அதே ஆண்டு நவம்பரில் தாய்க்கு ஒரு கடிதம் எழுதினார். ஹோம்ஸைத் தீர்த்துக்கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன் என்பது அதில் இருந்த செய்தி.

புகழின் உச்சிக்கு ஏறும்போதே கொலை எண்ணமா? டாயிலின் மனசு வரலாற்று நாவல்களில் கிடந்தது. இந்தத் துப்பறிவாளன் அதற்கு நேரம் விடாமல் அவரைத் தின்றுகொண்டிருந்தான். தாய் பதறிப்போய்த் தடுத்தார். அடுத்த கதைக்குக் கருவும் எடுத்துக் கொடுத்தார். ஹோம்ஸ் பிழைத்தான். அதற்குச் சற்று முன்பு பத்திரிகை இன்னும் கதைகள் கேட்டபோது, டாயில் கதைக்கு 50 பவுண்டு விலை சொன்னார், உடனே ஒப்புக்கொண்டார்கள். ஹோம்ஸ் பிழைத்த பிறகு, கேட்டவர்கள் ஓடிவிடட்டும் என்று 12 கதைகளுக்கு 1,000 பவுண்டு என்றார், அதற்கும் தலையாட்டினார்கள். விலை சொல்லி விரட்ட முடியாதவனை விரட்ட ஒரே வழிதான் மிச்சம் இருந்தது. அதற்கு வாகான ஓர் இடம்தான் கிடைக்கவில்லை.

1893 ஆகஸ்டில் அந்த இடமும் கிடைத்தது. சுவிட்சர்லாந்துக்குப் போன டாயில், மைரிங்கன் ஊருக்கு மேலே பாறைப் பிளவில் இரைந்து விழும் ரைக்கன்பாக் அருவியின் எதிரே நின்றார். அந்த ஆண்டு டிசம்பர் இதழில் ஹோம்ஸும் அவனுடைய பரம எதிரி மோரியார்ட்டியும் கட்டிப் புரண்டு அந்த அருவியில் மறைந்தார்கள். உடல் கிடைக்கவில்லை. டாயில் நிம்மதியாக மூச்சுவிட்டார். தபால்காரர் வரும்வரைதான் அந்த நிம்மதி.

கண்ணீரும் வசவுமாகக் கடிதங்கள் குவிந்தன. ஒரு பெண்மணி டாயிலை மிருகம் என்று விளித்தே கடிதத்தைத் தொடங்கியிருந்தார். சுமார் 20,000 பேர் சந்தாவை நிறுத்தினார்கள் என்பது பத்திரிகை உலகில் இன்றும் சொல்லப்படும் கணக்கு. அந்த வேளையில் டாயிலின் வீட்டில் நிஜமான துயரம் குடியேறியிருந்தது. மனைவிக்குக் காசநோய், தந்தை அக்டோபரில்தான் இறந்திருந்தார். இல்லாத ஒரு மனிதனுக்காக ஊர் அழுவதை அவர் எப்படித் தாங்கிக்கொண்டாரோ, அசைந்து மட்டும் கொடுக்கவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஹோம்ஸ் அருவிக்குள்ளேயே கிடந்தான். ஒரு நாய் வரும்வரை.

1901-இல் பிளெட்சர் ராபின்சன் என்ற பத்திரிகை நண்பருடன் கடலோர ஊர் ஒன்றுக்கு ஓய்வெடுக்கப் போனார் டாயில். பேச்சு வாக்கில் நண்பர் ஒரு பேய் நாய்க் கதையை எடுத்துவிட்டார். டாயிலுக்குப் பொறி தட்டியது. மர்மம் தயார், ஆனால் அவிழ்க்க ஆள் வேண்டுமே! புதிய ஆளை உருவாக்குவானேன், செத்தவன்தான் இருக்கிறானே என்று முடிவெடுத்தார். 'பாஸ்கர்வில்ஸின் வேட்டைநாய்' அந்த ஆகஸ்டில் தொடங்கியது. 'ஸ்ட்ராண்ட்' விற்பனை கிடுகிடுவென ஏறியது. அதிலும் டாயில் ஒரு சாமர்த்தியம் செய்திருந்தார். இது அருவிச் சம்பவத்துக்கு முந்தைய வழக்கு என்பதுபோல் கதையை அமைத்திருந்தார். கதை வந்தது, ஆள் வரவில்லை. வாசகர் பசி அடங்குவதற்குப் பதிலாக இரட்டிப்பானது. அமெரிக்காவில் ஒருவர் பணப்பையை அவிழ்த்தார்.

1903-இல் 'காலியர்ஸ்' வார இதழ் 13 கதைகளுக்கு 45,000 டாலர் தருவதாகச் சொன்னது. அந்நாளில் எழுத்தாளர்கள் கனவிலும் காணாத தொகை. டாயில் இறங்கி வந்தார். ஹோம்ஸ் அருவியில் விழவே இல்லை, மல்யுத்தப் பிடி ஒன்றால் எதிரியை மட்டும் தள்ளிவிட்டான், பாறை இடுக்கில் ஒளிந்து தப்பினான், திபெத் வரை சுற்றித் திரும்பினான் என்று 'காலி வீடு' கதையில் விளக்கம் வந்தது. ஹோம்ஸின் நண்பர் வாட்சன் மயங்கி விழுந்தார், வாசகர்கள் துள்ளினார்கள். கேட்டது கிடைத்துவிட்டது. கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

கதைகள் தொடர்ந்தன. ஆண்டுகள் ஓடின. ஒருநாள் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் பகுதியில் ஒரு படகுக்காரர் டாயிலிடம் பேச்சுக் கொடுத்தார். ஹோம்ஸ் அந்தப் பாறையிலிருந்து விழுந்தபோது செத்திருக்க மாட்டான், ஆனால் அதற்குப் பிறகு அவன் பழைய ஆளாக இல்லை என்பது அவர் தயங்காமல் சொன்ன கருத்து. விமர்சகரோ பேராசிரியரோ அல்ல, துடுப்புப் பிடிக்கிற மனிதர். டாயில் கோபித்துக்கொள்ளவில்லை. ரசித்துச் சிரித்து, தன் வாழ்க்கை வரலாற்றிலும் அதை எழுதிவைத்தார். உள்ளுக்குள் அந்தப் பேச்சு தைத்ததா? பதில் 1927-இல் வெளியானது.

அந்த ஆண்டு, தமக்குப் பிடித்த ஹோம்ஸ் கதைகள் 12-ஐ டாயில் வரிசைப்படுத்தினார். முதல் இரண்டு இடங்களும் 1890-களின் தொடக்கத்தில் எழுதியவற்றுக்கே. பன்னிரண்டில் ஏழு, அருவிக் கதையும் அதற்கு முந்தையவையும். படகுக்காரரின் தீர்ப்பைப் படைத்தவரே பாதிக்குமேல் ஒப்புக்கொண்டார். 56 சிறுகதைகள், 4 நாவல்கள் என்ற கணக்கோடு அதே ஆண்டில் ஹோம்ஸ் ஓய்வுபெற்றான். மறு ஆண்டு, கடல் கடந்து வெகு தொலைவில், மதுரையிலிருந்து மேற்குமலை அடிவாரம் நோக்கிப் புதிய இருப்புப்பாதையில் ஒரு ரயில் கிளம்பியது. அது போய் நின்ற ஊர், நம் கதையின் அடுத்த பாதி நடக்கும் போடி என்கிற போடிநாயக்கனூர்.

துப்பறிவாளர்கள் அதற்குள்ளாகவே தமிழ்நாட்டுக்குள் நுழைந்திருந்தார்கள். 1908-இல் ஜே.ஆர்.ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' நாவலில் துப்பறியும் கோவிந்தன் வந்தார்; அடுத்தடுத்த நாவல்களிலும் அவரே வந்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரை அனுப்பினார். பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால், தேநீர்க் கோப்பையோடு குற்றவாளிகளைப் பிடித்தார். 1960-களின் இறுதியில் சுஜாதாவின் வக்கீல் கணேஷ் வந்தார். பின்னர் வசந்த் சேர்ந்துகொண்டார். அதே காலத்தில் 1969-இல் 'ராணி முத்து' மாத நாவலை மலிவு விலையில் கடைக்கடையாகக் கொண்டுபோனது. 1980-களில் ஜி.அசோகனின் 'க்ரைம் நாவல்' போன்ற மாத இதழ்கள் வந்ததும் மடை திறந்தது. ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி. ராஜேஷ்குமார் ஒருவரே 1,500 நாவல்களைத் தாண்டினார். லண்டன் டாக்டர் காலி அறையில் போட்ட கணக்கு, இங்கே பேருந்து நிலையக் கடைகளில் கயிறு கட்டித் தொங்கியது.

போடியிலும் தொங்கியது. விடியுமுன்பே ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தம்பாறை பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிற ஊர் அது. மலையேறினால் திரும்பச் சில நாளாகும் என்கிறவர்களுக்கு, சட்டைப்பையில் மடித்து வைக்கக் கூடிய அந்தச் சாணித்தாள் புத்தகம் பெரிய துணை. மாதம் பிறந்தால் புதுசு வந்துவிட்டதா என்று கடைக்காரரைக் கேட்டார்கள். படித்து முடித்த கையோடு அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது ஒரு வார்த்தையும் சேர்ந்து போனது: "முன்ன மாதிரி இல்லண்ணே!"

கார்ன்வால் படகுத்துறையில் கேட்ட அதே குரல். டாயில் பெயரையே கேள்விப்படாதவர் வாயிலிருந்தும் அது வந்தது. ஏனென்றால் அது நாடு விட்டு நாடு தாவி வந்த வழக்கமே அல்ல. ஒரே ஆளை வைத்து மாதாமாதம் கதை சொல்லலாம் என்று முடிவான நாளிலேயே, கதையோடு ஒட்டிப் பிறந்தது இந்த முணுமுணுப்பு. ஆள் மாறக்கூடாது, அலுக்கவும் கூடாது. கதை புதிதாக இருக்க வேண்டும். பழைய சுவையும் குறையக்கூடாது. எந்த எழுத்தாளராலும் இரண்டையும் ஆயுள் முழுக்கத் தர முடிந்ததில்லை. அப்படியானால் இந்த ஏமாற்றத்துக்கு மருந்தே இல்லையா?

மருந்து அந்த மலைச்சரிவிலேயே இருந்தது. ஏலச்செடியில் காயெல்லாம் ஒன்றாக விளைவதில்லை. 30 முதல் 45 நாள் இடைவெளி விட்டு, முதிர்ந்ததை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். விளைந்த காய் 5 கிலோ உலர்ந்தால் ஏறக்குறைய 1 கிலோ தேறும். அவசரப்பட்டுப் பிஞ்சைப் பறித்தால் ஸ்டோர் என்னும் உலர்த்துக்கூடத்தில் காய வைக்கும்போதே சுருங்கி, எடை குறைந்து, ஏலத்தில் விலை படுத்துவிடும். ஹோம்ஸ் கதையிலும் பொறுத்திருந்ததற்கே பலன் கிடைத்தது. வாசகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய வேட்டைநாய் நாவல் விளைந்தது, ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு. அச்சகமும் ஏஜென்ட்டும் தேதி பார்த்துக் காத்திருந்த தமிழ் மாத நாவலுக்கு அந்த அவகாசம் கிடைக்கவே இல்லை. குறை எழுதியவர்களின் திறமையில் இல்லை. ஒன்றாம் தேதியில் இருந்தது. இருந்தும் அந்த வாசகர்கள் அடுத்த மாதமும் கடைக்கு வந்தார்கள். அங்கேதான் இந்த முணுமுணுப்பின் நிஜ முகம் தெரிந்தது.

1893-இல் சந்தாவை நிறுத்தியவர்கள் கோபித்துக்கொண்டு போனவர்கள். படகுக்காரர் போகாதவர். அருவிக்கு முந்தைய ஹோம்ஸையும் பிந்தைய ஹோம்ஸையும் படித்தவரால்தான் ஆள் மாறிவிட்டான் என்று சொல்ல முடியும். போடிக் கடையில் குறைபட்டவரும் பல வருஷ விவேக்கையும் பரத்தையும் நெஞ்சில் வைத்திருந்தவர்தான். குறை சொன்னவர் காசு கொடுத்து வாங்கியவர், கடைசிப் பக்கம்வரை படித்தவர், இதைவிட நன்றாக எழுத அந்த எழுத்தாளரால் முடியும் என்று நம்பியவர். அதைவிடப் பெரிய மரியாதையை ஒரு துப்பறியும் கதைக்கு எந்த விருதும் தந்ததில்லை.

பிறகு தொலைக்காட்சித் தொடர்கள் வந்தன, கைபேசி வந்தது. மாத நாவல்கள் ஒவ்வொன்றாகக் கயிற்றிலிருந்து இறங்கின. அவற்றைக் குறை சொன்னவர்கள் கொன்றுவிடவில்லை. குறை சொல்ல ஆள் இருந்த காலம் முழுவதும் அவை விற்றுக்கொண்டுதான் இருந்தன. நல்லாயிருக்கு, நல்லாயில்லை என்று சொல்லவே ஆள் இல்லாமல் போனபோதுதான் பல தொடர்கள் நின்றன. இன்று தொடர் எழுதும் யாருக்காவது எங்கிருந்தாவது அந்த முணுமுணுப்பு காதில் விழுந்தால், அவருடைய துப்பறிவாளன் இன்னும் சாகவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.