இருளை நீக்கும் திறவுகோல்

சிவகாசியில் செய்த வாணம் ஒன்று நள்ளிரவில் மேலெழுந்து வெடிக்கிறது. அதன் பொறிகளை மட்டும் எடுத்து, ஒரு கோயிற் கோபுரத்தின் படத்தின்மேல் பதிக்கவேண்டும் என்று கொள்வோம். கத்தரிக்கோலால் அது இயலுமா? ஒளியையே கத்தரிக்கோலாக்கிய கலையின் வரலாற்றை இன்று காண்போம்.

இக்கலையின் அடிப்படை அச்சுத் தொழிலுக்குப் புதிதன்று. தீப்பெட்டிகளுக்கு ஒட்டுச்சீட்டு வேண்டியதனால் சிவகாசியில் வண்ண அச்சு வளர்ந்தது. ஒரு நிறம் படக்கூடாத இடத்தை அந்நிறத்தின் அச்சுத் தகடு வெறுமையாக விட்டுவிடும். இதுவே மறைப்பு.

திரைப்படத்தில் இம்மறைப்புக்கு 1918இல் பிராங்க் வில்லியம்ஸ் என்பார் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1940இல் வெளிவந்த ‘பாக்தாத் திருடன்’ படத்தில் லாரன்ஸ் பட்லர் நீலத் திரையைப் பயன்படுத்தினார். மைசூர் நாட்டில் பிறந்த சாபு அதில் நடித்தார். அக்காலத்தில் இவ்வேலை திரைப்பட ஆய்வுக்கூடத்தில் படிப்படியாக நடந்தது.

தொலைக்காட்சியோ காத்திராது. நம் நாட்டு முறையில் வினாடிக்கு 25 படங்கள் ஓடுகின்றன. ஆகவே ‘வீடியோ ஸ்விட்சர்’ என்னும் கருவி, மறைப்பை மின்சாரத்தால் அக்கணமே செய்கிறது. இதற்குக் ‘கீயிங்’ என்று பெயர். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒளியின் அளவை அது பார்க்கிறது. ‘கிளிப்’ என்னும் திருகு ஓர் எல்லையை வகுக்கிறது. எல்லைக்கு மேற்பட்ட ஒளியுள்ள இடத்தில் வாணம் தெரியும். கீழ்ப்பட்ட இடத்தில் கோபுரம் தெரியும். ‘கெயின்’ என்னும் திருகு விளிம்பை ஆள்கிறது. அதைக் கூட்டினால் விளிம்பு கூர்மையாகும். குறைத்தால் இரு படங்களும் விளிம்பில் மென்மையாகக் கலக்கும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் கறுப்பு வெள்ளையில் தொடங்கியது. 1982இல் இந்தியத் தொலைக்காட்சிக்கு வண்ணம் வந்தது. ஒளியைக் கொண்டு பிரித்ததுபோல் நிறத்தைக் கொண்டும் பிரிக்க அதனால் வழி பிறந்தது. மனிதரின் தோலில் நீலமும் பச்சையும் மேலோங்கி நிற்பதில்லை. ஆதலின் பின்திரைக்கு அவ்விரு நிறங்களே ஏற்றவை. பச்சைத் திரைக்கு முன் கிளிப்பச்சைச் சேலை உடுத்தி நின்றால், சேலையிருக்கும் இடத்தில் பின்னணிப் படமே தோன்றும்!

மீண்டும் வாணத்துக்கு வருவோம். பொறியோடு புகையும் உண்டு, அது மங்கலானது. கிளிப்பைச் சற்றே ஏற்றினால் புகை அழிந்து, படம் தூயதாகும். கண்ணுக்கு அது இனிது. ஆனால் நிகழ்ந்ததில் ஒரு பகுதி போய்விட்டது. எல்லையை வகுப்பது கருவியன்று, அதைத் திருகும் மனிதரின் கை. எனவே படத்தைக் காணும் மாணவர், எதைக் கண்டோம் என்பதோடு எது நீக்கப்பட்டது என்றும் கேட்டுப் பழகுவாராக.